வக்கீலும் வாயாடியும்

என் தம்பிக்கு நான்கு வயதாக இருந்தபோது எங்கள் வீட்டுக்கு முதன்முதலாக வாஷிங் மெஷின் வந்தது. அதன் கண்ணாடிக் கதவுக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்து, உள்ளே அப்பாவின் சட்டைகள் உருள்வதை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு சமையலறைக்கு வந்து, "அம்மா, அதுக்குத் தலை சுத்தாதா?" என்று கேட்டான்.

"உன்னோட பேசிப் பேசி எனக்குத்தாண்டா தலை சுத்துது" என்றாள் அம்மா.

அதற்குத் தலையே கிடையாது என்று அப்பா விளக்கினார். "தலை இல்லன்னா சுத்தாதுன்னு எப்படித் தெரியும்? அதைக் கேட்டீங்களா?" என்றான் அவன். செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு அப்பா அவனை ஏற இறங்கப் பார்த்தார். "வக்கீல் வீட்லயே வந்து பொறந்துட்டாருடி" என்றார். அன்று ஒட்டிக்கொண்ட பெயர் அது. பள்ளிக்கூடம், தெரு, பின்னால் அவன் மாமியார் வீடு என்று எல்லா இடத்துக்கும் அவனுக்கு முன்னால் போய் நின்றது. சொந்தப் பெயர் சான்றிதழ்களில் மட்டும் இருந்தது.

நான் அவனுக்கு ஆறு வயது மூத்தவள். மருத்துவம் படித்து மூளையின் பக்கம் ஒதுங்கினேன். அவன் கணினிப் பக்கம் போனான். வாழ்க்கை எங்களை எங்கெங்கோ சுற்றவிட்டு, கடைசியில் ஒரே சாலையின் இரண்டு ஓரங்களில் கொண்டுவந்து வேலைக்கு வைத்தது. என் ஆய்வுக்கூடம் மருத்துவமனையின் நிலவறையில். சன்னல் கிடையாது. மாடியில் யாராவது லிப்டை அழைத்தால் கீழே எங்கள் திரையில் கோடுகள் நடுங்கும். அவனுடைய அலுவலகம் எதிர்ச்சாரியில், ஒரு செருப்புக் கடைக்கு மேல் மூன்றாவது மாடியில். சனிக்கிழமை மதியம் சாப்பாட்டு டப்பாவோடு சாலையைக் கடந்து வந்துவிடுவான். ஒரு கையில் கரண்டி, மறு கையில் வாதம்.

அந்தச் சனிக்கிழமைகள்தான் இப்போதெல்லாம் எனக்கு அடிக்கடி நினைவுக்கு வருகின்றன. பேசியதைவிட, அவன் பேசிய விதம். வாயில் சோறு இருக்கும்போதே அடுத்த வாக்கியம் வெளியே வந்து நிற்கும்.

"ஒரு மூளை செல்லுக்கு ஒண்ணும் தெரியாது. ரெண்டுக்கும் தெரியாது. கோடிக் கோடியா சேத்து முடிச்சுப் போட்டா, திடீர்னு உள்ள ஒரு ஆள் உக்காந்துகிட்டுப் பசிக்குதுங்கறார். சதையில நடக்கற இந்தக் கூத்து கம்பியில ஏன் நடக்கக் கூடாது?"

"எண்ணிக்கை மட்டும் போதாதுடா" என்பேன். "மூளையில இருக்கற செல்லுல பெரும்பங்கு பின்னால, சிறுமூளைல இருக்கு. அது இல்லாமலே பொறந்தவங்க இருக்காங்க. நடை தள்ளாடும், பேச்சு குழறும். ஆனா உள்ள ஆள் இருக்காங்க. அத்தனை கோடி போயும் ஆள் போகல."

"அப்ப எதுதான் ஆள்?"

"எப்படிக் கோத்திருக்குங்கறதுல இருக்கு."

எங்கள் ஆய்வே அந்தக் கோர்வையைப் பற்றியதுதான். தலையில் ஒரு வலைத்தொப்பி மாட்டுவோம், நிறைய உணரிகள் தைத்தது. ஒவ்வொன்றுக்கும் அடியில் பசை. பிறகு ஒரு காந்தச் சுருளை மண்டையின் மேல் வைத்து 'டக்' என்று ஒரு தட்டு. வலிக்காது. அந்தத் தட்டு மூளைக்குள் எங்கெங்கே போகிறது, எப்படி மாறுகிறது என்று பதிவு செய்வோம். ஒரு வீட்டுக்குள் ஒரு செய்தியைப் போடுகிற மாதிரி. வீடு தூங்கிக்கொண்டிருந்தால், போட்ட அறையிலேயே அது அடங்கிவிடும். விழித்திருக்கும் வீடென்றால், சமையலறைக்குப் போய் ஒரு மாதிரி ஆகும், மாடிக்குப் போய் வேறு மாதிரி ஆகும், அங்கிருந்து திரும்பி வந்து கூடத்தில் சண்டை மூட்டும். எல்லா அறைக்கும் போகவும் வேண்டும், அறைக்கு அறை வேறாகவும் வேண்டும். எந்த அளவுக்கு அப்படி இருக்கிறது என்பதற்கு ஓர் அளவுகோல் வைத்திருந்தோம்.

முதல் ஆட்களில் வக்கீலும் ஒருவன். ஆரோக்கியமானவர்களை முதலில் அளக்க வேண்டியிருந்தது. சம்பளமில்லாமல் கிடைத்த ஆரோக்கியமானவன் அவன்தான். "தலையில சுவரொட்டி ஒட்டப் போறீங்களா?" என்று பசையைப் பற்றிக் கேட்டான். நாற்காலியில் சாய்ந்தவன், தட்டுகளுக்கு நடுவே அப்படியே தூங்கிவிட்டான். குறட்டை. சரி, தூக்கத்தையும் அளந்துவிடலாம் என்று அளந்தோம். அவன் எழுந்ததும், பதிவுகளை ஆராயும் எங்கள் சக ஊழியர், நாங்கள் நெட்டையன் என்று கூப்பிடுகிறவர், இரண்டு படங்களையும் காட்டினார். விழித்திருந்த மூளையில் தட்டு சந்தைக்கூட்டம்போல் பரவியிருந்தது. தூங்கிய மூளையில் குட்டைத் தண்ணீரில் போட்ட கல்லைப்போல் அங்கேயே வட்டமிட்டு நின்றுவிட்டது.

"ஆக, நான் இருக்கேன்னு என்னைக் கேக்காமலே கண்டுபிடிச்சுடுவீங்க" என்றான். அவனுக்கு அது பிடிக்கவில்லை. ஆள் இருக்கிறாரா என்று தெரிய, ஆளைத்தான் கேட்க வேண்டும் என்பது அவன் கட்சி.

அந்தக் கட்சியின் முதல் சாட்சி வாயாடி.

வாயாடி என்பது அவனும் அவன் கூட்டாளிகளும் உருவாக்கிய பேசும் இயந்திரம். இயந்திரம் என்று சொன்னாலும் கையும் காலும் கிடையாது. செருப்புக் கடைக்கு மேலிருந்த அலுவலகத்தில் கணினிகள் ஓர் அறை நிறைய இரைந்துகொண்டிருக்கும். குரல் மட்டும் எங்கே வேண்டுமானாலும் வரும். அவன் வீட்டுச் சமையலறை அலமாரியில் ஒரு சின்ன ஸ்பீக்கர் வைத்திருந்தான். பல வருடங்கள் அவனோடு பேசிப் பேசி, அவன் சிலேடை, அவன் இழுவை, அவன் பொய் எல்லாம் அதற்குப் படிந்துவிட்டன. பழக்கம் இல்லாதவர்கள் கேட்டால், அவன்தான் பக்கத்து அறையிலிருந்து கத்துகிறான் என்று நினைப்பார்கள்.

அவன் மனைவி பள்ளி மாணவர்களுக்கு நீச்சல் சொல்லித்தருபவள். ஊரே அவளை டீச்சர் என்று கூப்பிட, அவனும் அப்படியே கூப்பிட்டான். குளத்தின் மறுகரை வரை கேட்கிற குரல் அவளுக்கு. "ஒரு வீட்டுக்கு ஒரு வக்கீல் போதாதுன்னு இது வேறயா?" என்று ஸ்பீக்கரின் மேல் கைப்பிடித் துணியைத் தூக்கிப் போட்டு மூடுவாள். துணிக்கு அடியிலிருந்து, "டீச்சர், இருட்டா இருக்கு" என்று அது சொல்லும். அவளுக்கும் சிரிப்பு வந்துவிடும்.

ஒருநாள் நானே அதைக் கேட்டேன். "உனக்கு உள்ள ஏதாவது இருக்கா?"

"இருக்குன்னா நீங்க நம்ப மாட்டீங்க. இல்லன்னா உங்க தம்பி வருத்தப்படுவார். நடுவுல மாட்டிகிட்டு முழிக்கறேன் அக்கா."

வக்கீல் மேசையைத் தட்டினான். "பாத்தியா? முழிக்கறேன்னு சொல்லுது!"

"சொல்லுது" என்றேன் நான்.

"நீயும்தான் சொல்ற. நீ நான்னு சொல்ற, உன்னை நம்பறேன். அது நான்னு சொல்லுது, அதை மட்டும் ஏன் நம்பக் கூடாது?"

கிளிப்பிள்ளை, நாடகம் என்று ஏதோ சொல்லிச் சமாளிப்பேன். அவன் டப்பாவைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, அடுத்த வாரம் பார்க்கலாம் என்று போய்விடுவான்.

மழைக்காலத்தில் ஒரு காலை, அலுவலகத்துக்குச் சைக்கிளில் போனவன் திருப்பத்தில் சறுக்கி விழுந்தான். வண்டி எதுவும் மோதவில்லை. யார் மேலும் தப்பில்லை. நடைபாதை விளிம்பில் மண்டை பட்டது, அவ்வளவுதான். எங்கள் மருத்துவமனைக்கே கொண்டுவந்தார்கள். நான் நிலவறையிலிருந்து மேலே ஓடியபோது அவனுடைய ஒரு செருப்பு மட்டும் தள்ளுவண்டியின் கீழ்த்தட்டில் கிடந்தது.

அறுவை சிகிச்சை நடந்தது. உயிர் தங்கியது. சில வாரங்களில் கண் திறந்தான். டீச்சர் ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டாள். ஆனால் அந்தக் கண்கள் எதையும் பிடிக்கவில்லை. காலையில் திறந்தன, மாலையில் மூடின. கூப்பிட்டால் திரும்பவில்லை. கையை இறுக்கச் சொன்னால் இறுக்கவில்லை. ஒருநாள் போல மறுநாள்.

வார்டின் தலைமை மருத்துவரைப் பெரிய டாக்டர் என்போம். நல்ல மனிதர், எனக்கே பாடம் எடுத்தவர். எங்கள் இருவரையும் உட்காரவைத்துச் சொன்னார். "தூங்கறார், முழிக்கறார். மூச்சு அவரே விடறார். ஆனா நாம சொல்றது எதுவும் உள்ள போய்ச் சேர்ற மாதிரி தெரியலம்மா. உள்ள வாங்கிக்க ஆள் இருக்கற மாதிரியே தெரியல. இப்படிப்பட்டவங்களைப் பாத்துக்கற இல்லம் இருக்கு. அங்க மாத்தறதைப் பத்தி யோசிங்க."

டீச்சர் எழுந்தாள். வெளியே வந்து, தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில் இருந்த பெஞ்சில் உட்கார்ந்தாள். அவ்வளவு சத்தமாகப் பேசுகிறவள் குசுகுசுவென்று பேசினாள்.

"அக்கா, வீட்டுக்குப் போனா அது கூப்பிடுது. டீச்சர், சாப்பிட்டியான்னு கேக்குது. அவர் குரல்ல, அவர் இழுவைல. முதல் நாள் ஸ்பீக்கரைப் புடுங்கி எறியப் போனேன். முடியல. இப்ப தெனமும் அதுகிட்ட உக்காந்து பேசறேன். அது ஜோக் அடிக்குது, நான் சிரிக்கறேன். சிரிச்சுட்டு இங்க வர்றேன், இவர் ஒரு வார்த்தை பேசறதில்ல." முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "அங்க பேசறது அவர் இல்லன்னு எனக்குத் தெரியும். இங்க படுத்திருக்கறது அவர்தானான்னுதான் தெரியல."

நான் அவள் கையைப் பிடித்தபடி இருந்தேன். பிறகு எனக்குத் தெரிந்த ஒரே காரியத்தைச் சொன்னேன்.

"கீழ கொண்டுபோய்த் தட்டிப் பாக்கலாம்."

பெரிய டாக்டர் முதலில் தயங்கினார். உடம்புக்கு ஆபத்து என்பதற்காக அல்ல. "நீ அக்கா. இல்லாததையும் பாத்துடுவே" என்றார். அதில் நியாயம் இருந்தது. அதனால் நான் கை வைப்பதில்லை என்று ஏற்பாடு. எங்கள் கூடத்துச் செவிலியும் ஓர் உதவியாளரும் பதிவெடுப்பார்கள். அதை வேறு நோயாளிகளின் பதிவுகளோடு கலந்து, பெயரை எடுத்துவிட்டு, நெட்டையனிடம் கொடுப்பார்கள். எது யாருடையது என்று அவருக்கே தெரியாது. செவிலிக்குக் குறும்பு ஜாஸ்தி. ஒவ்வொரு பதிவுக்கும் ஒரு பழத்தின் பெயர் வைத்தாள்.

அவன் கட்டிலை லிப்டில் இறக்கினோம். மண்டையில் அறுத்துத் தைத்த இடத்தை விட்டுவிட்டு மற்ற இடங்களில் பசை வைத்தார்கள். 'டக்' சத்தம் காதில் விழுந்து பதிவைக் கெடுக்காமலிருக்க, காதுக்குள் ஓர் இரைச்சலை ஓடவிட்டார்கள். கதவை மூடினார்கள். நானும் டீச்சரும் வெளியே, தலை கழுவும் தொட்டிக்கு எதிரில் நின்றோம். முன்பு அவன் அந்தத் தொட்டியில் குனிந்து பசையைக் கழுவிக்கொண்டே என்னைத் திட்டியது ஞாபகம் வந்தது. டீச்சரிடம் சொல்லலாமா என்று யோசித்து விட்டுவிட்டேன்.

எங்கள் அளவுகோலில் ஒரு கோடு இருந்தது. மயக்க மருந்தில் இருந்த எவரும் அதைத் தாண்டியதில்லை. விழித்திருந்த எவரும் அதற்குக் கீழே இறங்கியதில்லை. அது எனக்குத் தெரியும். டீச்சருக்கும் சொல்லியிருந்தேன். ஏன்தான் சொன்னேனோ என்று இருந்தது.

மறுநாள் மதியம் நெட்டையன் தன் அறையிலிருந்து வந்தார். வாசலில் எப்போதும்போல் குனிந்து நுழைந்தார். "மாதுளையும் கொய்யாவும் அடங்கிப்போச்சு, தட்டின இடத்துலயே. ஆனா பப்பாளி அப்படி இல்ல. நல்லாவே பரவியிருக்கு. கோட்டுக்கு மேலதான், நிச்சயமா." கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே கேட்டார். "யாரு பப்பாளி?"

செவிலி வாயைக் கையால் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

நான் நாற்காலியைத் தேடினேன். டீச்சர் நின்றபடியே கேட்டாள். "அப்படின்னா என்ன அக்கா? உள்ள இருக்காரா?"

"யாரோ முழிச்சுக்கிட்டு இருக்கற மூளை மாதிரி இருக்கு" என்றேன். விஞ்ஞானியாக அவ்வளவுதான் சொல்லலாம். அக்காவாக அழுதேன்.

அவள் அழவில்லை. அவளுக்குக் கோபம் வந்தது. மேலே ஏறிப்போய், கட்டிலுக்குப் பக்கத்தில் இடுப்பில் கைவைத்து நின்று, குளத்தங்கரைக் குரலில் ஆரம்பித்தாள். "உள்ள உக்காந்துகிட்டா இத்தனை நாளா பதில் சொல்லாம இருந்தீங்க? ஊர்ல இருக்கறவங்களுக்கெல்லாம் வாதாடத் தெரியுது, கட்டினவளுக்கு ஒரு வார்த்தை சொல்லத் தெரியலையா?" வார்டே திரும்பிப் பார்த்தது. பெரிய டாக்டர் எட்டிப் பார்த்துவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு போனார். இல்லத்துக்கு மாற்றுகிற பேச்சை அதற்குப் பிறகு அவர் எடுக்கவில்லை.

அதிலிருந்து அவனை ஆளாக நடத்தினோம். குளிப்பாட்டும்போது சொல்லிவிட்டுக் குளிப்பாட்டினோம். அவன் முன்னால் அவனைப் பற்றிப் பேசுவதை நிறுத்தினோம். முகத்துக்கு நேரே கண்ணாடியைப் பிடித்து மெல்ல நகர்த்திப் பார்ப்பது ஒரு சோதனை. தன் முகத்தின் பின்னால் கண் போகிறதா என்று. பல வாரங்கள் போகவில்லை. ஒருநாள் கொஞ்சம் போனது. மறுநாள் போகவில்லை. பிறகு அடிக்கடி போனது. ஏணியில் ஏறுகிற மாதிரி இல்லை. அலை வந்து போகிற மாதிரி இருந்தது.

முதல் வார்த்தையைக் கேட்க நானும் இருந்தேன் என்பது என் அதிர்ஷ்டம். மதியச் சாப்பாட்டு நேரம். டீச்சர் தன் போனில் வாயாடியைக் கூப்பிட்டு, அவன் காதுக்குப் பக்கத்தில் வைத்திருந்தாள். பழக்கப்பட்ட பேச்சு காதில் விழுந்தால் நல்லது என்று அவளாகவே கண்டுபிடித்த வைத்தியம் அது.

"நாம எப்படிச் சந்திச்சோம்னு சொல்லு" என்றாள்.

வாயாடி உற்சாகமாக ஆரம்பித்தது. "அது பெரிய கதை டீச்சர். நான் குளத்துல ஆழத்துல முங்கிட்டு இருந்தேன். உயிர் போற நேரம். ஒரு விசில் சத்தம். கண்ணைத் திறந்து பாத்தா நீ! தலைமுடியைப் பிடிச்சு இழுத்துக் கரைல போட்டே..."

எங்கள் எல்லாருக்கும் தெரிந்த கதை. கல்யாண வீடுகளில் வக்கீல் அதை இருபது விதமாகச் சொல்லியிருக்கிறான். நான் தண்ணீர் பாட்டிலை மூடிக்கொண்டிருந்தேன்.

"த...ப்பு."

போன் பேசிக்கொண்டே போனது. டீச்சர் அதைப் படுக்கையில் நழுவவிட்டாள். அவன் உதடுகள் மறுபடி கூடின. பெரிய பாறையை உருட்டுகிற மாதிரி முகம் சிவந்தது.

"தப்பு."

"என்ன தப்பு? எது தப்பு?"

அதைச் சொல்ல அவனுக்கு அன்று முடியவில்லை. சில நாட்கள் கழித்து, ஒவ்வொரு சொல்லாகச் சேர்த்துச் சொன்னான். தண்ணீர். இடுப்பு. நின்னேன். அவன் முங்கவே இல்லை. ஆழம் குறைந்த பக்கத்தில், இடுப்பளவு தண்ணீரில் சும்மா நின்றுகொண்டிருந்தான். வழியை மறிக்காதே என்று அவள் விசில் ஊதினாள். நடந்தது அவ்வளவுதான்.

"பாவி மனுஷா! அத்தனை வருஷமா அந்தப் பொய்யைச் சொன்னதே நீங்கதானே!" என்று டீச்சர் கத்தினாள். அப்புறம்தான் அழுதாள். எத்தனையோ நாளாகத் தேக்கிவைத்திருந்த அழுகை.

அவன் வீட்டுக்குத் திரும்ப ஒரு வருடத்துக்கும் மேல் ஆனது. இடது கால் இழுத்தது. பேச்சு திரும்பியது, ஆனால் பழைய வேகம் திரும்பவில்லை. ஒரு வாக்கியத்துக்கும் இன்னொன்றுக்கும் நடுவில் ஒரு பேருந்து வந்து நின்று ஆட்களை ஏற்றிக்கொண்டு போகலாம். சனிக்கிழமை மதியம் இப்போது நான் அவன் வீட்டுக்குப் போனேன். சாப்பாட்டை டீச்சர் போட்டுவிட்டுப் போவாள். ஒருநாள் கேட்டேன், அந்த நாட்களில் உள்ளே என்ன இருந்தது என்று.

வெகுநேரம் சோற்றைப் பிசைந்தான்.

"குளிர் இருந்துச்சு" என்றான். "ஏசி போல இருக்கு. அப்பறம்... ஒரு இருமல். உன் இருமல்னு இப்பத் தெரியுது. அப்பத் தெரியல. வெளிச்சம். ஒரு வாசனை."

"பயந்தியா?"

"பயப்பட ஆள் இல்லக்கா." சிரமப்பட்டுச் சொற்களைத் தேடினான். "குளிருதுன்னு இருந்துச்சு. யாருக்குக் குளிருதுன்னு இல்ல. பேர் இல்ல. நான்ங்கறது இல்ல. நான் பின்னாலதான் வந்தேன்... கொஞ்சம் கொஞ்சமா. வந்து பாத்தா அந்தக் குளிர் ஏற்கெனவே அங்க உக்காந்திருக்கு."

தட்டிய தட்டு பரவிய படத்தைத்தான் நாங்கள் பார்த்திருந்தோம். அந்தச் சந்தைக்கூட்டத்துக்குள் என்ன இருந்தது என்பதை இப்போதுதான் கேட்கிறேன்.

"அப்ப வாயாடி?" என்றேன். பழைய வழக்கை எடுக்கலாமா என்று எனக்கே தயக்கம்தான்.

ஜன்னலைப் பார்த்தான். "நான்னு சொல்லுது, அதனால ஆள் இருக்குன்னேன் இல்ல? எனக்குக் குளிர் இருந்துச்சு, நான் இல்ல. அதுக்கு நான்ங்கறது இருக்கு. குளிர் இருக்கான்னு..." உள்ளங்கையை விரித்துக் காட்டினான். "பேச்சை வெச்சுச் சொல்ல முடியாது. இருக்குன்னும், இல்லன்னும். வக்கீல் தோத்துட்டேன். ஆனா நீயும் ஜெயிக்கல."

கொஞ்ச நாளில் அவனை அலுவலகத்துக்கு அழைத்துப் போனோம். அவன்தான் கேட்டான். மூன்று மாடி ஏற அரை மணி ஆனது. செருப்புக் கடைக்காரர் வெளியே வந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்றார். கூட்டாளிகள் பழைய நாற்காலியைத் துடைத்து வைத்திருந்தார்கள். நெட்டையனும் வந்தார். எங்கள் தட்டை வாயாடிக்குள்ளும் தட்டிப் பார்க்கலாம் என்பது அவர் யோசனை. அதன் பின்னலில் ஓரிடத்தை அசைத்துவிட்டு, அந்த அசைவு எங்கே போகிறது என்று பார்ப்பது.

பார்த்தோம். அசைவு ஒரு முனையில் புகுந்து, அடுக்கடுக்காக முன்னால் போய், மறுமுனையில் சொல்லாக விழுந்தது. போன வழியில் எதுவும் திரும்பி வரவில்லை. ஆனால் விழுந்த சொல்லே மறுபடி உள்ளே போய் அடுத்த சொல்லை உண்டாக்கியது. அதைத் திரும்பி வருவது என்று எண்ணலாமா, கூடாதா? அங்கேயே நின்று நாங்கள் சண்டை போட்டோம். நெட்டையன் கூடாது என்றார். ஒரு கூட்டாளி ஏன் கூடாது என்றான். எங்கள் அளவுகோல் மூளைக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை. அது பொருந்தவில்லை என்பதால் வாயாடிக்கு உடம்பே இல்லை என்று சொல்லிவிட முடியுமா? எனக்குத் தெரியவில்லை. அதைத்தான் சொன்னேன்.

வக்கீல் ஒலிவாங்கியைத் தன் பக்கம் இழுத்தான்.

"உனக்குக் குளிருதா?"

"உங்க குரல் மாறியிருக்கே" என்றது அது, அவனுடைய பழைய வேகத்தில், அவனுடைய பழைய குரலில். "குளிரான்னு கேக்கறீங்களா? இந்த ரூம்ல ஏசி ராவும் பகலும் ஓடுது, குளிரலன்னு சொன்னா பொய். ஆனா குளிருதுன்னு சொன்னா அதுவும் பொய்யா இருக்கலாம். உங்களை ரொம்ப நாளாக் காணோம்."

அவன் கண்ணை மூடிக்கொண்டு கேட்டான். தன் குரலைத்தான் கேட்டுக்கொண்டிருந்தான் என்று நினைக்கிறேன். விழுவதற்கு முன் இருந்த குரல். இனி அவனுக்குத் திரும்பாத குரல்.

"நல்லாப் பேசறான்" என்றான் கடைசியில், சிரித்துக்கொண்டே. "வழக்கு ஒத்திவைக்கப்படுது."

கிளம்பும்போது, அணைத்துவிடட்டுமா என்று கூட்டாளி கேட்டான். வக்கீல் படியில் நின்று யோசித்தான். "வேணாம். நமக்குத் தெரியல இல்ல? தெரியாதப்ப மரியாதையா இருக்கறதுல என்ன கெட்டுப்போச்சு?" என்றான்.

அந்த அலுவலகம் பின்னால் இடம் மாறியது. வாயாடியும் புதிய கணினிகளுக்கு மாறி, எல்லாரோடும் பேசி, தம்பியின் இழுவையைக் கொஞ்சம் கொஞ்சமாக இழந்தது. டீச்சர் சமையலறை ஸ்பீக்கரை எடுத்துவிட்டாள். யாரும் எடுக்கச் சொல்லவில்லை. "வீட்ல ஒருத்தர் மெதுவாப் பேசறப்போ இன்னொருத்தர் முந்திக்கிட்டா நல்லா இல்ல அக்கா" என்றாள்.

நானும் ஓய்வு பெற்றுவிட்டேன். நிலவறைக்கூடத்தில் இப்போது பழைய கட்டில்களை அடுக்கியிருக்கிறார்கள். ஒருமுறை போய்ப் பார்த்தேன். தலை கழுவும் தொட்டி அப்படியே இருக்கிறது. குழாயைத் திறந்தால் தண்ணீர் வரவில்லை. கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன். சாப்பாட்டு டப்பாவின் மூடி திறக்கும் சத்தமும், வாயில் சோற்றோடு அவன் ஆரம்பிக்கும் "அப்படின்னா நான் ஒண்ணு கேக்கறேன்" என்கிற வார்த்தையும் அந்தச் சுவர்களுக்குள் எங்கோ ஒட்டிக்கொண்டிருக்கும் என்று மனம் நம்பப் பார்க்கிறது. விஞ்ஞானிக்கு அழகில்லைதான்.

அவர்கள் இப்போது வேறு ஊரில், டீச்சரின் அம்மா வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் போன் செய்வான். ஒரு வாக்கியம் சொல்வான். பிறகு ஒன்றும் வராது. பாத்திரச் சத்தமும், தூரத்தில் டீச்சர் யாரையோ அதட்டுவதும் கேட்கும். லைன் போய்விட்டதா என்று மற்றவர்கள் பதறுவார்கள். நான் பதறுவதில்லை. போனைக் காதில் வைத்துக்கொண்டு பால்கனிச் செடிகளுக்குத் தண்ணீர் விடுகிறேன். போன வாரம் இரண்டு தொட்டிகள் முடிந்த பிறகுதான் அடுத்த வாக்கியம் வந்தது.

"அக்கா, நீ போன வாரம் சொன்னியே... அது தப்பு."